பதினொரு தாள்களில் ஒரு பனை

ஒரு பனையை எடுத்து அலமாரிக்குள் வை என்று யாராவது சொன்னால், சொன்னவருக்குக் கிறுக்கு என்று நினைப்போம். அவள் முப்பத்தொரு வருடம் அந்த வேலையைத்தான் செய்தாள். உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் காப்பகம் அது. எல்லாரும் ஹெர்பேரியம் என்றே சொல்வார்கள். சின்னச் செடிகளை ஒட்ட நாலைந்து பேர் இருந்தார்கள். வேரும் பூவுமாகத் தாளில் சாய்த்து, பசை தடவி, மத்தியானத்துக்குள் பத்தை முடித்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்கள். ஆள் உயரத்தைத் தாண்டின எதுவானாலும், பனையோ கற்றாழையோ குடை அகலத்துக்கு இலை விடுகிற கிழங்குச் செடியோ, கடைசி அறையில் இருந்த அவள் மேஜைக்குத்தான் வரும். "பெருசா இருக்கா? பசையம்மாகிட்ட போடு" என்பதுதான் அங்கே பேச்சு. பசையம்மா என்பது அவளுக்கு அங்கே விழுந்த பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், "என்ன, நல்ல பசையுள்ள ஆளோ?" என்று கேலி செய்வார்கள். "ஆமா, விரல் இடுக்கு பூரா" என்று அவள் கையை விரித்துக் காட்டுவாள்.

பார்க்கிற மாதிரி இருக்காது அந்தக் கை. பூச்சி அரிக்காமல் இருப்பதற்காக ஆரம்ப வருடங்களில் செடிகளை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். கையுறை கொடுத்தார்கள். அது கிழிந்தது. வேறு கேட்டால் எழுதிக் கொடு என்றார்கள். எழுதிக் கொடுத்ததற்குப் பதில் வருவதற்குள் மருந்தில் முக்குகிற வழக்கமே போய், குளிர்பெட்டியில் வைத்து எடுக்கிற முறை வந்துவிட்டது. அவளுடைய நகங்கள் மட்டும் பழையபடி வளரவே இல்லை.

பனை ஓலை ஒன்று நாலு மீட்டர் நீளம் இருக்கும். ஒட்டுகிற தாள் முழங்கை நீளம்தான். முதலில் முழு ஓலையையும் தரையில் விரித்து அளவெடுப்பாள், படம் எடுக்கச் சொல்வாள். பிறகு அடி, நடு, நுனி என்று துண்டாக்குவாள். வெட்டுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு பாகத்திலும் அந்த மரத்துக்குக் கொடுத்த எண்ணை அட்டையில் எழுதிக் கட்டிவிட வேண்டும். வெட்டின பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் தொலைந்தது. ஒரு பக்கத்துக் கீற்றுகளை நறுக்கி அடிக்கட்டைகளை மட்டும் விட்டுவைப்பாள், எத்தனை கீற்று இருந்தது என்று பின்னால் வருகிறவர்கள் எண்ணிக்கொள்வதற்காக. மறுபக்கத்துக் கீற்றுகளைத் தாளுக்குள் அடங்கும்படி மடிப்பாள். தடித்த மட்டை பசைக்கு நிற்காது. அதைக் கோணி ஊசியால் தாளோடு தைத்து, பின்பக்கத்து முடிச்சு கீழே இருக்கும் தாளைக் கீறாதபடி முடிச்சின்மேல் காகிதம் ஒட்டுவாள். இப்படி ஒரு பனை எட்டுத் தாளாகும், பத்துத் தாளாகும். மொத்தத்துக்கும் ஒரே எண்.

அந்த வேலையில் ஒரே ஒரு கெட்ட வார்த்தை உண்டு: கலப்பு. இரண்டு மரங்களின் பாகங்கள் ஒரே எண்ணுக்குள் சேர்ந்துபோவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். கோணலாக ஒட்டினால் மன்னிப்பார்கள், கிழித்தால்கூடத் திட்டிவிட்டு விடுவார்கள். கலப்பு என்றால் மட்டும் ஒட்டினவளின் முகத்தில் விழிக்க மாட்டார்கள். தன் மேஜையிலிருந்து ஒரு கலப்புகூடப் போனதில்லை என்று அவள் சொல்லிக்கொள்ளலாம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய சமாச்சாரம். அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் தற்காலிகம்தான். கணவர் அதே நிறுவனத்தில் ஜீப் ஓட்டினார். இன்றைக்கு இயக்குநராக இருக்கிறவர் அன்று இளம் ஆய்வாளர். பெரிதாக ஏதாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கால் தரையில் பாவாமல் அலைந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் பதினெட்டு நாள் காட்டுப் பயணம் போய், ஜீப்பின் கூரை நிறையச் சாக்குகளோடு திரும்பினார்கள். கணவர் வந்ததும் வராததுமாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அலைச்சல் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சாக்குகளைப் பிரித்தபோது ஒரு பனை அவளை நிறுத்தியது. ஓலையின் அடிமட்டையில் செம்பட்டைச் சுணை கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது. கட்டியிருந்த எண் 417. அதோடு சேர்த்து ஒட்ட வேண்டும் என்று ஆய்வாளர் எடுத்து வைத்திருந்த பூங்கொத்தின் காம்பில் சுணையே இல்லை. தொட்டால் விரலில் ஒட்டுகிற வெள்ளைப் பொடிதான் பூசியிருந்தது. அதில் கட்டியிருந்த எண் 431. அவள் போய்க் கேட்டாள்.

"சார், பூக்காம்பு மட்டை இடுக்குல இருந்துதானே வரும்? அப்ப அந்தச் சுணை கொஞ்சமாவது இதுலயும் உரசி ஒட்டியிருக்கணும். இதுல வெறும் வெள்ளைப் பொடிதான் இருக்கு. நம்பரும் வேற."

"மரத்த வெட்டினது யாரு? நானா, நீங்களா?"

"நீங்கதான் சார்."

"அப்புறம் என்ன? அங்க ஒரே மழை. அவசரத்துல அட்டை மாறியிருக்கும். அதை எடுத்துட்டு நானூத்திப் பதினேழுன்னு புதுசா எழுதிக் கட்டுங்க."

அவள் எழுதிக் கட்டினாள். தன் கையெழுத்தில், மையில், தெளிவாக. பழைய அட்டையை மட்டும் தூக்கி எறியவில்லை. உதிர்கிற பூவையும் துணுக்கையும் போட்டு வைக்க அந்தத் தாள்களில் ஒரு காகித உறை ஒட்டுவார்கள். செடியோடு வந்த எதையும் எறியக்கூடாது என்பது அந்த வேலையின் சட்டம். 431 அட்டையை மூன்றாம் தாளின் உறைக்குள் போட்டு மடித்தாள். என்றைக்காவது யாராவது திறந்து பார்ப்பார்கள் என்று நினைத்தாள். அதைவிட அதிகமாக வாயைத் திறக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவளைத் தியாகியாக்க நான் உட்காரவில்லை. இரண்டு மாதத்தில் அவள் வேலை நிரந்தரமானது. ஆய்வாளர் எழுதின சிபாரிசில் முதல் வரி, 'சொன்னதைச் செய்பவர்' என்று இருந்தது. அந்த வரியைப் பார்த்து அவள் அன்று சந்தோஷப்பட்டாள்.

அந்தப் பதினொரு தாள்கள் உலகப் பிரசித்தமாயின. செம்பட்டைச் சுணை ஓலையும் வெள்ளைப் பொடிப் பூங்கொத்தும் ஒரே மரத்தில் இருக்கிற பனை உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று ஆய்வாளர் கட்டுரை எழுதினார். வாஸ்தவம்தான், எங்குமே இல்லை. புதிய இனம் என்று அறிவித்து, தன் பேராசிரியரின் பெயரை அதற்குச் சூட்டினார். பேராசிரியர் மேடையில் கண் கலங்கினார். பிறகு அந்த மரத்தைத் தேடி மூன்று தடவை ஆட்கள் போனார்கள். அதே இடத்தில் சுணைப் பனை கிடைத்தது, பொடிப் பனை கிடைத்தது, இரண்டும் சேர்ந்தது மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில், 'இந்த இனம் அழிந்திருக்கக்கூடும்' என்று எழுதிவைத்தார்கள். பிறக்காத மரத்துக்குச் சாவு எழுதின கூத்தை எங்கே போய்ச் சொல்வது? அது அழிந்ததைப் பற்றியும் ஒரு கருத்தரங்கு நடந்தது. அதற்குள் ஆய்வாளர் இயக்குநராகிவிட்டார்.

அவள் ஓய்வு பெற ஆறு வாரம் இருக்கும்போது வேறொரு நிறுவனத்திலிருந்து ஓர் இளம் பெண் வந்தாள், பனைகளை ஆராய்கிறவள். ஒரே மத்தியானத்தில் விஷயத்தைப் பிடித்துவிட்டாள். பூதக்கண்ணாடியும் கையுமாகக் கடைசி அறைக்கு வந்து நின்றாள்.

"அம்மா, நானூத்திப் பதினேழ ஒட்டினது நீங்கதானே? அதுல ரெண்டு மரம் இருக்கு."

"இருக்கு."

"உங்களுக்குத் தெரியுமா!"

"மூணாவது ஷீட்ல உறையத் திறந்து பாருங்க" என்றாள் அவள். பத்தொன்பது வருடம் இதற்காகவே காத்திருந்தவள் போல எழுந்து முன்னால் நடந்தாள்.

உறையைத் திறந்தார்கள். அட்டை பத்திரமாக இருந்தது. நெஞ்சில் இருந்த கல்லை இறக்கிவைத்த மாதிரி அவள் மூச்சு விட்டாள். அந்த மூச்சை முழுதாக விட்டு முடிப்பதற்குள், மறுநாள் மத்தியானமே, இயக்குநர் அறையிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள்.

மேஜைமேல் பதினொரு தாளும் பரப்பியிருந்தது. பக்கத்தில் 431 எண்ணுள்ள தாள்கள், அவற்றில் ஓலை மட்டும்தான், பூங்கொத்து இல்லை. அதற்குப் பக்கத்தில் பயணக் குறிப்புப் புத்தகம். 417: ஓலை, பூங்கொத்து. 431: ஓலை, பூங்கொத்து. இரண்டும் இயக்குநரின் பழைய கையெழுத்து.

"காட்டுல ரெண்டுலயும் ரெண்டும் எடுத்திருக்கேன். குறிப்பு அதத்தான் சொல்லுது" என்றார் இயக்குநர். குரலில் கோபம் கிடையாது. வருத்தம் தோய்ந்த குரல். "ஒட்டுற மேஜைக்கு வந்த அப்புறம் ஒரு பூங்கொத்து காணாமப் போயிருக்கு, இன்னொண்ணு இடம் மாறியிருக்கு. பழைய அட்டைய அவுத்திருக்கு, புது அட்டை கட்டியிருக்கு. இந்தக் கையெழுத்து யாரோடதும்மா?"

"என்னுது."

"அவ்வளவுதான்."

"நீங்க சொல்லித்தான் சார் எழுதினேன்! நான் கேட்டேனே, சுணை இல்லைன்னு கேட்டேனே!"

"இருபது வருஷம் ஆச்சும்மா. உங்களுக்கு ஏதோ ஞாபகம் மாறுது."

தன்னைக் காப்பாற்றும் என்று அவள் பொத்தி வைத்த அட்டையே அவள் கழுத்தில் வந்து விழுந்தது. அதை அன்றைக்கே குப்பையில் போட்டிருந்தால் அட்டையை மாற்றினதற்கு ஒரு சாட்சியும் இருந்திருக்காது. ஒழுங்காக வேலை செய்ததற்குக் கிடைத்த பலன் அது. அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் குறிப்புப் புத்தகத்தின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தாள். இதைத் திருத்தி வரப்போகிற கட்டுரையில் இயக்குநரின் பெயரோடு அந்தப் பெண்ணின் பெயரும் சேர்ந்து வரும் என்று காலையிலேயே முடிவாகியிருந்தது.

"டிரைவரக் கேளுங்க சார்" என்றாள் அவள். "சாக்கு ஏத்தினதும் எறக்கினதும் அவருதான். எந்தச் சாக்குல என்ன இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியும்."

டிரைவர் என்றால் அவள் புருஷன்தான். அவர் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியிருந்தது. மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையும் புதுச் செருப்புமாக வந்து, இயக்குநர் காட்டின நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பதினெட்டு நாள் பயணத்தில் பனைகளை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எல்லாத்தையும் ஒழுங்காத்தாங்க ஏத்தினேன். வழியில ஒண்ணும் விழல" என்றார்.

விழுந்ததா என்று யாரும் கேட்கவே இல்லை. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள், இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார். அவளுக்கு மட்டும் சொரேர் என்றது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவள் அல்லவா. அந்த மனிதர் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை அவள்.

"என்ன விழுந்துச்சு?"

"எது?"

"வழியில என்னங்க விழுந்துச்சு?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதை நீவிவிட்டார். பிறகு அங்கேயே சுவரைப் பார்த்து நின்றபடி சொன்னார். "பூங்கொத்து. கயிறு சரியா இறுக்கல. எங்க விழுந்துச்சுன்னே தெரியல, ரெண்டு நாள் ஓடின அப்புறம்தான் பாத்தோம். ஏற்கெனவே எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடுதாசி குடுத்திருந்தாங்க, ஞாபகம் இருக்கா? இன்னொண்ணு வந்திருந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. அவரு கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன். 'விடு, இன்னொரு மரத்துல எடுத்தது இருக்கு, ரெண்டும் ஒரே சாதிதான்'னு அவரும் சொன்னாரு. அன்னிக்கு என்னைக் காப்பாத்தினாரு."

"அதனால இன்னிக்கு என்னைத் தள்ளிவிட்டீங்க."

"தள்ளல. எதுக்குப் பெருசாப் பேசற?"

"பத்தொம்பது வருஷமா நான் தினம் தினம் அந்த அலமாரியத் தாண்டிப் போனேன். ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல?"

அவர் ஆணியில் தொங்கின சட்டையை மறுபடியும் நீவினார்.

"சரி, போனது போகட்டும். இப்பச் சொல்லுங்க. நாளைக்கு வந்து ஒரு வரி எழுதிக் குடுங்க. உங்களுக்கு இப்ப வேலையா போகப் போகுது? யார் என்ன பண்ண முடியும் உங்கள?"

அவர் கண் சுவருக்குப் போனது. அங்கே அவருடைய கேடயம் மாட்டியிருந்தது. ஓய்வு பெற்ற அன்று கொடுத்தது. 'ஒரு பிழையும் இன்றி முப்பது ஆண்டு வண்டி செலுத்தியவர்' என்று பித்தளையில் பெயரோடு வெட்டியிருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் தேநீருக்கு முன்னால் அதைக் காட்டிவிடுவார்.

"எல்லாரும் என்ன நினைப்பாங்க?" என்றார்.

"என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"உனக்கு என்ன? உன் பேரா வரப்போகுது? ஒட்டினவங்கன்னு போடுவாங்க. அது யாரு எவருன்னு எவனுக்குத் தெரியும்? விடு. முடிஞ்சுடும்."

அவர் சமாதானப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. அடித்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அன்று அவள் சமைத்தாள், பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள். அவர் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இந்த மனிதருக்கு எப்படித் தொண்டையில் இறங்குகிறது என்று அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இயக்குநரிடம் தனியாகப் போய்ச் சொன்னாள். கயிறு, பூங்கொத்து, கெஞ்சல், எல்லாம்.

"எழுதிக் குடுப்பாராம்மா?"

"மாட்டாரு."

"அப்ப நான் என்ன பண்ண முடியும்?" என்று அவர் கையை விரித்தார். அந்த நேரம் அவர் முகத்தில் நிம்மதி வந்து உட்கார்ந்ததை அவள் கண்ணால் பார்த்தாள்.

கட்டுரை வந்தது. தன் புகழ்பெற்ற கண்டுபிடிப்பைத் தானே முன்வந்து ரத்து செய்த பெருந்தன்மையைப் பாராட்டி இயக்குநருக்கு எங்கெங்கிருந்தோ கடிதங்கள் வந்தன. வரவேற்பறைப் பலகையில் அவற்றைக் குத்திவைத்தார்கள். கடைசி அறையில் மற்றவர்கள் அவளிடம் முன்போலவே பேசினார்கள், சிரித்தார்கள். ஆனால் ஒரு பெரிய கற்றாழை வந்தபோது, அதன் துண்டுகளில் எண் சரியாக இருக்கிறதா என்று ஒருத்தி மெதுவாக வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் மேஜையை யாரும் சரிபார்த்தது கிடையாது.

ஓய்வுக்கு நாலு நாள் முன்னால் இயக்குநர் அவரே சீட்டோடு வந்தார். தாளில் ஒருமுறை ஒட்டின எதையும் பிறகு கிழிக்கக் கூடாது. தப்பென்று தெரிந்தால், திருத்தத்தைத் தனிச் சீட்டில் எழுதி, திருத்தினவர் பெயரும் தேதியும் போட்டுப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். இருநூறு வருடம் கழித்து வருகிறவனும் இரண்டையும் படிப்பான். பதினொரு தாளுக்குப் பதினொரு சீட்டு. அச்சடித்திருந்தது: 'பூங்கொத்து எண் 431-ஐச் சேர்ந்தது. ஒட்டியவரின் கவனக்குறைவால் கலந்துவிட்டது.' கீழே இயக்குநரின் முழுப் பெயர், பட்டங்கள், தேதி.

"நீங்களே ஒட்டிடுங்கம்மா. பெரிய தாளெல்லாம் உங்க கை பட்டாத்தான் சரியா வரும்."

அவள் சீட்டைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"சார், ஒட்டியவர்னு வேண்டாம். என் பேரப் போடுங்க."

"என்னம்மா?"

"என் பேரு. இவங்க கவனக்குறைவாலன்னு என் முழுப் பேரப் போட்டு அடிச்சுக் குடுங்க. பதினொண்ணுலயும் நான் ஒட்டறேன்."

அவர் நிஜமாகவே பதறிப்போனார். "கோவப்படாதீங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் பேர் இல்லாம விட்டிருக்கேன்."

"எனக்கு நல்லது வேண்டாம் சார். நீங்க உங்க பேரப் போட்டிருக்கீங்க. காட்டுல வெட்டினவரு பேரு லேபிள்ல இருக்கு. தப்புப் பண்ணினவ பேரும் இருந்துட்டுப் போகட்டும். என்னிக்காவது ஒருத்தர் படிச்சுட்டு, யாருடி இவள்னு என் பேரச் சொல்லித் திட்டட்டும்."

இயக்குநர் கொஞ்ச நேரம் யோசித்தார், யோசித்ததாகக் காட்டினார். "இல்லம்மா. சேகரிச்சவங்க பேரு, ஆராய்ஞ்சவங்க பேரு, இது ரெண்டுதான் தாள்ல வரலாம். ஒட்டறவங்க பேரு போடற வழக்கம் கிடையாது. விதியே கிடையாது. நான் நினைச்சாலும் முடியாது" என்று சொல்லி, சீட்டுகளை அவள் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் போனார்.

அவள் பசை கலக்கினாள். முதல் சீட்டில் மெல்லிசாகத் தடவி, தாளின் ஓரத்துக்கு நேராகப் பிடித்து, நடுவிலிருந்து வெளியே துணியால் ஒற்றினாள். குமிழ் இல்லை, சுருக்கம் இல்லை. இரண்டாவதைக் கோணலாக ஒட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் எடுத்தாள். கை கேட்கவில்லை, அதுவும் நேராகத்தான் போய் உட்கார்ந்தது. பதினொன்றும் அப்படியே உட்கார்ந்தன. இந்த ஜன்மத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மோசமாக வேலை செய்யத் தெரியவில்லையே என்று அவள் தன் கையைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினாள்.